யார் கருதுகிறார்கள்?

தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் எனக்குப் பிடிக்காத சொற்றொடர் ஒன்று உண்டு: 'எனக் கருத இடமுண்டு'. யார் கருதுகிறார்கள், எதை வைத்து? சொல்ல மாட்டார்கள். இந்தச் சொற்றொடரிலேயே ஒரு ராஜா மீது கொலைப்பழி தங்கிவிட்டது.

திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில், காரைக்கால் அம்மையார் பாடிய திருவாலங்காடு. அந்தக் கோயிலுக்குப் பழையனூர் என்ற ஊரை முதலாம் ராஜேந்திரன் தன் 6ஆம் ஆட்சியாண்டில் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் 1905ல் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். அதில் தமிழ்ப் பகுதி, சுருக்கமாகச் சொன்னால், ஒரு பத்திரம். பெண் யானையை நடத்தி எல்லை குறிக்கிறார்கள். எந்த வாய்க்கால், எந்த ஏரி, யார் நிலத்துக்கு எந்தத் திசை என்று போய்க்கொண்டே இருக்கும். படிக்கக் கொஞ்சம் அலுக்கும், ஆனால் சந்தேகம் வராது. வந்தால் ஊருக்குள் வழக்கு வந்துவிடும் இல்லையா?

சமஸ்கிருதப் பகுதி அரச வம்சத்தின் புகழ். பல ஆண்டுகள் கழித்துச் சேர்த்தது. நாராயணன் என்ற கவி இயற்றியது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சொர்க்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் போய்விட்டான் என்கிறது ஒரு செய்யுள். குடிமக்கள் தம்பி அருள்மொழியை ஆளச் சொன்னார்களாம். சிற்றப்பா உத்தமச் சோழனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை, தான் அதை மனதாலும் விரும்பவில்லை என்றானாம். ஒரு கொலையை 'சொர்க்கம் பார்க்கப் போனான்' என்று எழுதுவது அரண்மனைக் கவிக்குச் சௌகரியம். அந்த 'ஆசை' எப்படிப்பட்டது என்பதை வாசிப்பவர் தலையில் கட்டிவிட்டார்.

அது கொலைதான் என்பது காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டால் தெரிகிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயர்கள், அவர்களுடைய உறவுக்காரர்கள், பறிக்கப்பட்ட சொத்து. இதுவும் நிலம் சம்பந்தப்பட்ட உத்தரவுதான்.

நீலகண்ட சாஸ்திரி 1930களில் 'சோழர்கள்' எழுதியபோது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தார். உத்தமச் சோழன் சுமார் 15 வருஷம் ஆண்டும் குற்றவாளிகள் மீதான நடவடிக்கை ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில்தானே தெரிகிறது என்று சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். எனக்குப் பண்டாரத்தார் பக்கம்தான் நியாயம் படுகிறது. கல்வெட்டு நிலத்தைப் பற்றிய கணக்கு, தண்டனை எப்போது தொடங்கியது என்று சொல்ல எழுதியது அல்ல. ஆனால் சாஸ்திரியின் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. சந்தேகம் இது, ஆதாரம் இது என்று வைத்ததால்தான் இன்னொருவர் அதில் கைவைத்து மறுக்க முடிந்தது.

அதற்குப் பிறகு எழுதிய பலர் இந்த வேலையைச் செய்வதில்லை. 'தொடர்பு இருந்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு' என்று ஒரு வரி, அடுத்த கட்டுரை அதை மேற்கோள் காட்டி 'அறிஞர்கள் கருதுவர்' என்று இன்னொரு வரி. மென்பொருள் வேலையில் வாடிக்கையாளர் 'தேவைப்பட்டால்' என்று எழுதித் தந்தால், யாருக்கு, எப்போது என்று கேட்காமல் எங்களால் நிரல் எழுத முடியாது. இங்கே யாரும் கேட்பதில்லை. மறுக்கலாம் என்றால் மறுக்க ஒன்றும் இல்லை. அவர் எதையும் சொல்லவே இல்லையே.

ஏன் கொன்றார்கள் என்பதை உடையார்குடிக் கல்லும் சொல்லவில்லை. சொத்தை விற்க அந்தத் தகவல் தேவைப்படவில்லை.