கிரேக்க வேரும் கொங்கு மண்ணும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். இயந்திரத்தைப் பற்றி எழுதினால் மெக்கானிக்கல்காரர்கள் மட்டும் படிப்பார்கள். சொல்லைப் பற்றி எழுதினால் சிவில், கம்ப்யூட்டர் எல்லாரும் படிக்கலாம் அல்லவா? அதனால்தான் இந்தத் தலைப்பு.

தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த நம்மில் பலரை முதலாண்டில் பயமுறுத்தியது கணக்கு அல்ல, சொல்தான். பிளஸ் டூ இயற்பியலில் 'வெப்பநிலை மாறா நிகழ்வு' என்று படித்து நல்ல மார்க் வாங்கிய பையன், இங்கே வந்து 'ஐசோதெர்மல்' என்று கேட்டதும் அது ஏதோ புதுப் பாடம் என்று மிரண்டு போனான். பாடம் அதேதான், பெயர் மட்டும் வேறு. ஆனால் அந்தப் பெயரைக் கண்டு பயந்தே பின் பெஞ்சுக்குப் போனவர்களும், அரியர் வைத்தவர்களும் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவனுக்கு இது சின்ன விஷயம் இல்லீங்க.

உண்மையில் 'ஐசோதெர்மல்' பிறவி ஆங்கிலச் சொல்லே அல்ல. 'ஐசோஸ்' என்றால் கிரேக்கத்தில் சமம், 'தெர்மே' என்றால் வெப்பம். பயமுறுத்தும் இன்னொரு சொல் 'அடியபாட்டிக்'. அதில் 'அ' என்பது இல்லை என்று பொருள் தரும் முன்னொட்டு. 'தியா' என்றால் ஊடாக, 'பாட்டோஸ்' என்றால் கடந்து போகக்கூடியது. ஊடே கடந்து போக முடியாதது என்று ஆகிறது. எது கடக்க முடியாது? வெப்பம். நம் பாடநூல் இதை 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்று சொல்கிறது. கிரேக்கக்காரனும் நம் பாடநூல்காரரும் சொல்வது ஒன்றேதான்.

ஐரோப்பிய விஞ்ஞானிகள் புதிது புதிதாகக் கண்டுபிடித்தபோது பெயருக்காகப் பழைய கிரேக்கத்தையும் லத்தீனையும் தேடிப் போனார்கள். ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன், ஜெர்மானியன் என்று எல்லா நாட்டுப் படித்தவர்களுக்கும் அவை பொதுவாக இருந்தன. சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்துப் புதுச் சொல் செய்யவும் அவை வசதி. முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று மூன்று பாகம். நட்டு, போல்ட், வாஷர் மாதிரி, ஒருமுறை அளவு தெரிந்துவிட்டால் எந்த மெஷினிலும் கழற்றலாம், மாட்டலாம்.

இந்தத் துண்டுகளைக் கழற்றிப் பார்த்து, அதே இடத்தில் தமிழ்த் துண்டுகளை மாட்டிய ஒரு வரிசை மனிதர்கள் நம்மிடம் இருந்தார்கள். அவர்களில் பலர் நம்ம பக்கத்துக்காரர்கள் என்பதைத்தான் இந்த மலரில் பதிவு செய்ய ஆசைப்படுகிறேன்.

தொடக்கம் கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில். 1847-ல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். முதலில் ஆங்கிலத்தில் நடத்தியவர், 1860-களில் தமிழுக்கு மாறினார். மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். எல்லாச் சொல்லுக்கும் தமிழ் கிடைக்கவில்லை. வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார்கள். முடிந்த இடத்தில் தமிழ், முடியாத இடத்தில் ஒலிபெயர்ப்பு என்ற வழி அன்றே தொடங்கிவிட்டது.

அங்கிருந்து நம்ம பக்கம் வருவோம். 1916-ல் பக்கத்துச் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அப்போது அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி அதில் முக்கியமானவர். பிற்பாடு 'திண்ணை ரசாயனம்' எழுதியவரும் அவரேதான். திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானதும் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. கோவையில் ஜி.ஆர். தாமோதரன் 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழை ஆரம்பித்தார்.

ஈரோட்டுக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டிய பெயர் பெரியசாமித் தூரன். மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். கச்சேரிகளில் அவர் கீர்த்தனைகளைக் கேட்டவர்கள் பலர். ஆனால் தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அவர்தான் என்பது நம்மூர் மாணவர்களுக்கே அவ்வளவாகத் தெரியாது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள்! வானியல் முதல் விலங்கியல் வரை தமிழில் சொல்ல வேண்டுமென்றால், பக்கத்துக்குப் பக்கம் கலைச்சொல் முட்டும். ஆண்டுக்கணக்கில் அந்த முட்டலைச் சமாளித்தவர் ஒரு வலசிலிருந்து போனவர். 1968-ல் பத்மபூஷண் கிடைத்தது.

கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் 1929-ல் பிறந்த வா.செ. குழந்தைசாமி நம்மைப் போல ஒரு இன்ஜினியர். நீரியல் ஆராய்ச்சியில் உலகப் பெயர் எடுத்து, அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். தமிழில் அறிவியலை எழுத முடியும் என்று கடைசிவரை வாதாடியவர். அவர் துறையின் பெயரையே பாருங்கள். 'ஹைட்ரோ' நீர், 'லாஜி' இயல். நீரியல்!

இப்படி ஒரு துண்டுக்கு ஒரு துண்டு என்று பொருத்தியதில் ஒரு பெரிய லாபம் உண்டு. 'லாஜி' வரும் இடத்தில் இயல், 'மீட்டர்' வரும் இடத்தில் மானி, 'ஸ்கோப்' வரும் இடத்தில் நோக்கி. 'மைக்ரோ' சிறியது, ஆக நுண்ணோக்கி. 'டெலி' தொலைவு, 'ஃபோனே' குரல், ஆக தொலைபேசி. ஐசோடோப்புக்கு 'ஓரிடத்தான்' என்று ஒரு சொல் உண்டு. 'ஐசோஸ்' சமம், 'டோபோஸ்' இடம், அதாவது தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காருகிறவன். கேட்டாலே நம்ம ஊர் ஆள் மாதிரி இல்லை? பள்ளியில் படித்த தமிழ்ச் சொல் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிரேக்கச் சொல்லின் பூட்டைத் திறக்கும் சாவி அதற்குள்ளேயே இருக்கிறது.

வேலைக்குப் போன பிறகும் இது உதவுகிறது. பேட்டரிக் கடையில் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பது ஹைட்ரோமீட்டர். நூற்பாலையில் காற்றின் ஈரத்தைப் பார்ப்பது ஹைக்ரோமீட்டர். ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஸ்டோருக்கு இன்டென்ட் போடும்போது மாறினால் பொருளே மாறி வரும். 'ஹைட்ரோ' நீர், 'ஹைக்ரோஸ்' ஈரம் என்று தெரிந்தவருக்கு மாறாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வேர் வழி காட்டும், ஆனால் முழுத் தீர்ப்பு சொல்லாது. 'ஆக்சிஜன்' என்றால் புளிப்பை, அதாவது அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நம்பி லவாய்சியே வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது என்று பின்னால் தெரிந்தது. கருத்து தோற்றது, பெயர் நின்றுவிட்டது. 'ஆட்டம்' என்றால் வெட்ட முடியாதது. அதையும் 1932-ல் உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஒரே மாதிரி தெரியும் துண்டுகளும் ஏமாற்றும். 'பெடஸ்ட்ரியன்' என்ற சொல்லில் இருப்பது லத்தீன் கால், 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது கிரேக்கக் குழந்தை. எனவே பிரித்துப் பாருங்கள், பிறகு அகராதியிலும் பாடநூலிலும் சரிபாருங்கள்.

2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் சிவில், மெக்கானிக்கல் பாடங்கள் தமிழ் வழியிலும் தொடங்கப்பட்டன. தமிழ் வழியா, ஆங்கில வழியா என்ற வாதம் அப்புறமும் ஓயவில்லை. அது ஒரு பக்கம் நடக்கட்டும். இன்றைக்கு முதலாண்டில் உட்கார்ந்து முழிக்கும் ஒரு தம்பிக்கு இரண்டு மொழியிலும் ஒரே பொருள்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் மாதத்தில், வாரம் ஒரு மணி நேரம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சொல் வகுப்பு நடத்தட்டும். ஐம்பது வேர், இருபது முன்னொட்டு, பத்துப் பின்னொட்டு போதும். கிரேக்கம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் என்று ஒரு அட்டவணை அச்சடித்து ஒவ்வொரு வகுப்பிலும் மாட்டலாம். அச்சுச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்ளும். நூலகத்தில் தூரனின் கலைக்களஞ்சியத் தொகுதிகளுக்கு ஒரு அலமாரி ஒதுக்கினால் இன்னும் நல்லது.

தம்பி, தங்கைகளே, அடுத்த முறை வாயில் நுழையாத ஒரு சொல் வந்தால் பின் பெஞ்சுக்குப் போகாதீர்கள். ஸ்பேனரை எடுங்கள், கழற்றிப் பாருங்கள்.