வெள்ளவத்தை ஏசியும் மார்க்கம் நிலவெப்பப் பம்பியும்

கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் வெளிச்சுவரில், இரும்புத் தாங்கியின் மேல் கடலைப் பார்த்தபடி இரைந்துகொண்டிருக்கிறது ஏசியின் வெளிப்பெட்டி. கனடாவின் மார்க்கம் நகரில், வீடொன்றின் நிலக்கீழ் அறை மூலையில் அதிகம் சத்தமின்றி நிற்கிறது நிலவெப்பப் பம்பி. அக்கா வெள்ளவத்தைக் காலி வீதியிலும் தங்கை மார்க்கத்திலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனாலும் அந்த இரு வீட்டு இயந்திரங்களுக்கும் உறவு இருக்கலாம் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முன்னது மின் கட்டணத்தை ஏற்றும் ஆடம்பரம் என்றும், பின்னது சூழலைக் காக்கும் புதுமை என்றும் பெயரெடுத்துவிட்டன. அருகருகே வைத்துப் பார்க்கும்போது அந்தப் பெயர்கள் பொருந்தாமல் போகின்றன.

இரண்டுக்கும் பிறப்பிடம் ஒன்றே. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தொம்சன் 1852இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் சேர்ந்தே வருகின்றன. அவர் கண்ணில் அவை ஒரே பொறியின் இரு வேலைகள். அரை நூற்றாண்டு கழித்துப் பாதைகள் பிரிந்தன. 1902இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கரியர் வடிவமைத்த பொறியின் வழியில் வந்தது வெள்ளவத்தை ஏசி. நிலத்தின் வெப்பத்தை வீட்டுக்கு எடுப்பதற்கு 1912இல் சுவிற்சர்லாந்தின் ஹைன்ரிக் சொலி பெற்ற காப்புரிமையின் வழியில் வந்தது மார்க்கத்தின் பம்பி. பாதை பிரிந்தாலும் உறுப்புகள் மாறவில்லை. அதே கொம்பிரசர், அதே விரிவு வால்வு, அதே இரண்டு சுருள்கள்.

உழைப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். வெள்ளவத்தையில் அறைக்குள் இருக்கும் சுருள் சுமார் 10 பாகை செல்சியஸிலும் வெளிச்சுருள் சுமார் 45 பாகையிலும் இயங்குகின்றன. மார்க்கத்தில் நடு மாரிகாலத்தில் நிலத்தை நோக்கிய சுருள் உறைநிலையை ஒட்டியும், வீட்டை நோக்கிய சுருள் சுமார் 45 பாகையிலும் இயங்குகின்றன. வெளியே ஓரிடத்தில் தென்னை, மற்ற இடத்தில் பனி. உள்ளே ஓடும் வாயு ஏறவேண்டிய ஏற்றமோ இரண்டு இடத்திலும் அதிகம் வேறுபடாத உயரம். ஒரு அலகு மின்சாரத்துக்கு மூன்று, நான்கு அலகு வெப்பத்தை நகர்த்துவது இரண்டுக்குமே இயல்பான திறன். வெள்ளவத்தைப் பொறிக்கு மேலதிகமாக ஒரு சுமையும் உண்டு. காற்றின் ஈரத்தை நீராக்கிக் குழாய் வழியே சொட்டவிடுவதற்கே அதன் உழைப்பில் கணிசமான பங்கு போய்விடுகிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? காலுக்குக் கீழே இருக்கிறது.

பத்து மீற்றருக்குக் கீழே நிலம் பருவங்களை உணர்வதில்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கிறது. கிணற்றில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. விடியற்காலையில் கிணற்று நீர் இளஞ்சூடாகவும் மத்தியானத்தில் குளிர்ச்சியாகவும் இருக்கும். மாறுவது காற்று, நீர் அல்ல. மார்க்கம் அடங்கிய ரொறன்ரோப் பகுதியில் தை மாதச் சராசரிக்கும் ஆடி மாதச் சராசரிக்கும் இடையில் 25 பாகைக்கு மேல் இடைவெளி. ஆகவே 10 பாகையை ஒட்டி அசையாமல் நிற்கும் நிலம், மாரியில் காற்றைவிடச் சூடாகவும் கோடையில் காற்றைவிடக் குளிராகவும் அமைந்துவிடுகிறது. இரு பருவத்திலும் அது வீட்டுக்காரரின் பக்கம் நிற்கிறது. கொழும்பிலோ ஆண்டின் மிக வெப்பமான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் வேறுபாடு இரண்டு பாகையளவே. ஆண்டுச் சராசரி 27, 28 பாகை; நிலமும் அதுவே.

இங்கேதான் ஒப்பீடு எதிர்பாராத இடத்துக்குத் திரும்புகிறது. வெள்ளவத்தையில் ஏசி பெரும்பாலும் இரவில், படுக்கையறையில் ஓடுகிறது. இரவுக் காற்று 25, 26 பாகைக்கு இறங்கும். நிலம் 28இலேயே நிற்கும். ஆழத்தில் குழாய் இறக்கி அறையின் வெப்பத்தை நிலத்துக்குள் தள்ள முயன்றால், வாசலில் இலவசமாக வீசும் குளிர்ந்த காற்றை விட்டுவிட்டுச் சூடான இடத்தைத் தேடிப் போனதாகும். மார்க்கத்தில் பல பத்தாயிரம் டொலர் செலவழித்துத் தோண்டிப் பெறும் நன்மை, வெள்ளவத்தைக் கடற்கரையோர மரைன் டிரைவில் இரவானதும் தானாகவே கிடைக்கிறது. பகலில் காற்று 31 பாகையைத் தாண்டும்போது ஏசி ஓட்டும் அலுவலகத்துக்குக் கணக்குச் சற்று மாறலாம். வீட்டுக்கு மாறாது.

இன்னொரு தடையும் உண்டு, அதற்கும் மறுகரையில் ஓர் எதிரொலி இருக்கிறது. நிலத்தின் வெப்பம் ஒரு வங்கிக் கணக்குப் போன்றது. மார்க்கம் வீடு மாரி முழுவதும் எடுக்கிறது, கோடையில் ஒரு பகுதியைத் திருப்பிப் போடுகிறது. எடுப்பது மிஞ்சினால் குழாயைச் சுற்றிய நிலம் ஆண்டுக்காண்டு குளிர்ந்து பம்பியின் திறன் விழும். அதனால் 50 ஆண்டு கழித்தும் நிலம் எந்த நிலையில் இருக்கும் என்று கணித்தே குழாயின் ஆழத்தைத் தீர்மானிக்கச் சொல்கின்றன சுவிற்சர்லாந்தின் பொறியியல் நெறிகள். கொழும்பு வீடோ போட மட்டுமே செய்யும். எடுக்க ஒரு மாரிகாலம் வராது. அங்கே குளிர்ந்து கெடும் நிலம், இங்கே சூடேறிக் கெடும்.

சேர்ந்த வெப்பம் அயலவரையும் தொடும். ஒரு வீட்டின் குழாய் இறங்கும் துளை அடுத்த வீட்டின் துளைக்கு மிக அருகில் இருந்தால் இரண்டும் ஒரே மண்ணின் வெப்பத்துக்குப் போட்டியிடும். இதை நிலத்துக்கடியில் நடக்கும் விசித்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். கொட்டாஞ்சேனையில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளின் பின்சந்தில், வெள்ளவத்தையில் இரு தொடர்மாடிகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய வெளியில், நம் கண்முன்னே நடப்பதும் இதுதான். ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய வெளிப்பெட்டிகளில், கீழ்மாடி கக்கும் சூடான காற்றை மேல்மாடி உறிஞ்சுகிறது. மேலே போகப்போகக் கொம்பிரசர் கூடுதலாக உழைக்கிறது, கட்டணமும் ஏறுகிறது. மார்க்கத்தின் ஸ்பிரிங்வோட்டர் குடியிருப்பு, 300க்கு மேற்பட்ட வீடுகள் ஒரே நிலக்குழாய்த் தொகுதியைப் பகிர்ந்துகொள்ளும்படி திட்டமிடப்பட்டது. யார் எவ்வளவு எடுப்பது என்பது அங்கே முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது. நம் சந்துகளின் காற்றும் அப்படியொரு பொதுச் சொத்துத்தான். அதற்குக் கணக்கு வைப்பவர் எவருமில்லை என்பது எனக்குக் கவலை தருகிறது. மாடிப் படத்தை வரையும் நாளிலேயே வெளிப்பெட்டிக்கும் இடம் ஒதுக்கினால் தீரக்கூடிய பிரச்சினை இது.

பராமரிப்பில் இரண்டும் நேர் எதிராகின்றன. மார்க்கத்தில் மிக அதிகம் செலவாவது துளைக்கும் அதனுள் இறங்கும் பொலித்தீன் குழாய்க்கும். ஒழுங்காகப் பொருத்தி, சுற்றிலும் சாந்து நிரப்பி மூடிவிட்டால் ஐம்பது ஆண்டுக்கு மேல் அதை எவரும் தொடவேண்டியதில்லை. வடிகட்டியை மாற்றுவது, குழாயின் அமுக்கத்தையும் உறைதடுப்பானின் செறிவையும் பார்ப்பது, இருபது ஆண்டளவில் பொறியை மாற்றுவது, அவ்வளவே. வெள்ளவத்தையில் சுவருக்கு வெளியே தொங்குவதுதான் முதலில் கெடுகிறது. உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடுகிறது, செப்புக் குழாயின் ஒட்டில் கசிவு தொடங்குகிறது. பிறகு சேர்விஸ்காரர் வந்து காஸ் அடித்துவிட்டுப் போவார். கசிவை அடைக்காமல் மறுபடி மறுபடி காஸ் அடிப்பது வீட்டுக்கும் நட்டம், வானத்துக்கும் நட்டம். ஏசிகளில் ஓடும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ வளிமண்டலத்தில் கலப்பது, ஏறத்தாழ இரண்டு தொன் காபனீரொட்சைட்டு கலப்பதற்குச் சமம். இன்னொரு ஏசி வாயுவான ஆர்-32இன் தாக்கம் அதில் மூன்றிலொன்று. கடலோர வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பராமரிப்பு, வெளிச்சுருளை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுவது.

தோண்டுவதில் ஆபத்தும் உண்டு. 2007இல் ஜேர்மனியின் ஷ்டௌஃபென் நகரில் நகரமன்றத்தைச் சூடாக்க ஏழு துளைகள் இட்டார்கள். நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட்டுப் படிவத்தில் புகுந்தது. படிவம் ஜிப்சமாகி ஊதிப் பெருத்தது, 200க்கு மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்புகள் விழுந்தன. ஐந்து மீற்றரைத் தாண்டும் செங்குத்து நிலக்குழாய்களுக்கு மார்க்கம் அமைந்த ஒன்ராறியோ மாகாணம் 2012இல் அனுமதியைக் கட்டாயமாக்கியது. கடல்நீர் அருகிலேயே காத்திருக்கும் வெள்ளவத்தையில், கிணறுகள் உவர்க்காமல் இருக்கவேண்டும் என்ற அக்கறை ஒன்றே ஆழத் துளைக்கு எதிரான போதுமான வாதம்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின் வெட்டப்பட்டது. 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் வாடிக்கையாளர் அளவில் மின்னிழந்தனர். நிலத்தில் எவ்வளவு வெப்பம் இருந்தாலும் பம்பி ஓடாவிட்டால் அது மேலே வராது. அங்கே வீட்டு நீர்க்குழாய் உறையும், உயிருக்கும் ஆபத்து. இங்கே புழுக்கத்தில் தூக்கம் கெடும், ஆனால் சன்னலைத் திறக்கலாம். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் நடுமுற்றமும் புழுக்கத்தைத் தணிப்பதற்காகவே அமைந்தவை. புதிய தொடர்மாடிகளில் அவற்றைக் கைவிட்டோம்.

மார்க்கத்திலிருந்து வெள்ளவத்தைக்கு எதையேனும் எடுத்துவரச் சொன்னால், நான் குழாயைக் கேட்கமாட்டேன். அங்குள்ள பம்பிகள் பலவற்றில் ஒரு சிறு துணைச் சுருள் இருக்கும். கொம்பிரசரிலிருந்து வெளிவரும் மிகச் சூடான வாயு அதன் வழியே போய்க் குளியல் நீரைச் சூடாக்கும். வெள்ளவத்தையிலோ படுக்கையறையின் வெப்பத்தைச் சந்துக்குள் கொட்டிக்கொண்டே, சுவருக்கு மறுபக்கக் குளியலறையில் தனி மின்சாரத்தால் நீரைச் சூடாக்குகிறோம். அந்தச் சுருளுக்குத் துளை வேண்டியதில்லை, அனுமதியும் வேண்டியதில்லை. ஒரு நீர்த்தாங்கியும் சில மீற்றர் செப்புக் குழாயும், ஏசி வேலையும் குழாய் வேலையும் தெரிந்த ஒரு தொழிலாளியும் போதும்.