சாவியில் பாதித் திருகு

கார் சாவியைப் பாதி திருப்பினா இஞ்சின் ஓடாது, ரேடியோ மட்டும் பாடும். யாருக்காவது காத்திருக்கும்போது எல்லாரும் செய்யறதுதான். ஆனா இதைப் பயமில்லாம செய்ய கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சுன்னா நம்புவீங்களா?

1930 ஜூன், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. சிகாகோக்காரர் பால் கால்வின் மாநாட்டுக்கு வெளியே தன் ஸ்டூட்பேக்கர் காரை நிறுத்தி, அதில் மாட்டியிருந்த ரேடியோவைச் சத்தமா வெச்சார். கூட்டம் கூடியது, ஆர்டரும் வந்தது. அந்த ரேடியோவோட பேர் மோட்டரோலா. 1947-ல் அதுவே கம்பெனி பேரும் ஆச்சு.

ஆனா அது வால்வு ரேடியோ. வால்வுக்கு ரெண்டு தீனி வேணும். உள்ளே இருக்கும் இழையைச் சூடாக்க கரண்ட் ஒண்ணு, நூறு வோல்ட்டுக்கு மேல மின்னழுத்தம் இன்னொண்ணு. அன்றைய கார் பாட்டரியோ வெறும் 6 வோல்ட். முதலில் உயர் வோல்ட்டுக்குத் தனி பாட்டரிகளை காரின் அடித்தளத்தில் வெச்சாங்க. சில வருஷத்தில் வைப்ரேட்டர் வந்தது. இது 6 வோல்ட்டை விநாடிக்கு நூறு தடவைக்கு மேல வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பும். தனி பாட்டரி ஒழிஞ்சது. மொத்த பாரமும் கார் பாட்டரி தலையில் விழுந்தது.

ஒரு சின்னக் கணக்கு. ரேடியோ சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். பாட்டரி 100 ஆம்பியர்-மணின்னு வெச்சுக்குங்க. நாலு மணி நேரம் கேட்டா 28 போச்சு. புது பாட்டரின்னா தப்பிக்கலாம். பழசு, கூடவே பனிக்காலம்னா செல்ஃப் எடுக்காது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். சத்தத்தைக் குறைச்சாலும் பெரிசா மிச்சமாகாது, இழை சூடாத்தானே இருக்கணும்! இஞ்சினை ஐடிலில் ஓட விட்டாலும் பிரயோஜனம் இல்லை. மெதுவா சுத்துற டைனமோ உருப்படியா சார்ஜ் தராது.

விடிவு 1955-ல். கிறைஸ்லரும் பில்கோவும் சேர்ந்து 11 டிரான்சிஸ்டர் கொண்ட கார் ரேடியோவைக் கொண்டு வந்தாங்க. ஒரு வால்வு கூடக் கிடையாது. இழையும் இல்லை, வைப்ரேட்டரும் இல்லை. விலை 150 டாலர், அந்தக் காலத்துக்கு ரொம்ப அதிகம். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் எட்டே வருஷத்தில் டாஷ்போர்டுக்கு வந்துடுச்சு. 1960-ல் பிளிமத் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரும் வந்தது. மெதுவான ஓட்டத்திலும் சார்ஜ் ஏறியது.

இதோட பலனை டிரைவ்-இன் தியேட்டர்ல பார்க்கலாம். முன்னெல்லாம் கார் ஜன்னலில் ஸ்பீக்கரை மாட்டுவாங்க. 1970-களில் படத்தோட ஒலியைக் கார் ரேடியோவுக்கே ஒலிபரப்ப ஆரம்பிச்சாங்க. இஞ்சினை அணைச்சுட்டு முழுப்படமும் பார்த்துட்டு, வந்த காரிலேயே வீட்டுக்குப் போகலாம். :-)

கொசுறு: இன்னிக்கு டாஷ்போர்டுல ரேடியோவோட பெரிய திரையும் கம்ப்யூட்டரும் சேர்ந்தாச்சு, பசி மறுபடி கூடிடுச்சு. அதான் பல கார்கள் கொஞ்ச நேரத்தில் தானே அணைச்சுக்குது. பாட்டு பாதியில் நின்னா திட்டாதீங்க. அடுத்த ஸ்டார்ட்டுக்கு கார் சேமிச்சு வைக்குது, அவ்வளவுதான்.