காரேஜ் கதவு மோட்டார்: பாதுகாப்பு வயரிங் வளர்ந்த கதை

அமெரிக்காவில், மேல்நோக்கித் தூக்கும் காரேஜ் கதவை 1921-இல் சி. ஜி. ஜான்சன் உருவாக்கினார். அதைத் தூக்கச் சிரமப்பட்டவர்களுக்காக 1926-இல் மின்மோட்டாரையும் பொருத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர் வீடுகளும் கார்களும் பெருகின. ரிமோட்டில் திறக்கும் கதவும் பரவியது.

தொடக்கத்தில் வயரிங் எளிமையாகவே இருந்தது. கூரையில் தொங்கும் மோட்டாருக்கு 120 வோல்ட் மின்சாரம் வரும். அங்கிருந்து சுவர்ப் பொத்தானுக்கு, காலிங் பெல்லுக்குப் போடுவது போன்ற மெல்லிய ஒயர் இறங்கும். அதில் குறைந்த வோல்ட்டே ஓடுவதால் பொத்தானைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்காது. ஆனால் இறங்கும் கதவுக்கு அடியில் ஆள் இருப்பதை மோட்டாருக்குத் தெரிவிக்க எந்த இணைப்பும் இல்லை. எதிலாவது மோதியதும் மேலே திரும்பும் மோட்டார்கள் வந்த பிறகும், அதற்கான விசை அளவைச் சரியாக வைக்காத வீடுகளில் பயனில்லை. 1980-களில் குழந்தைகள் கதவில் சிக்கி இறந்த விபத்துகள் தொடர்ந்தன.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியது. தடை தட்டுப்பட்டால் கதவு இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது கட்டாயமானது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் மோட்டார்களுக்கு இன்னொரு காவலும் தேவைப்பட்டது. ஒளிக்கதிர் சென்சாரோ கதவின் கீழ்விளிம்பில் தொடு சென்சாரோ இருக்க வேண்டும். இல்லையேல் பொத்தானை விடாமல் அழுத்தினால் மட்டுமே கதவு மூட வேண்டும்.

பெரும்பாலும் நிலைத்தது ஒளிக்கதிர் சென்சார்தான். வாசலின் இருபுறமும் தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மிகாத உயரத்தில் அதைப் பொருத்துவார்கள். தவழும் குழந்தையும் கதிரை மறிக்கும். அதன் ஒயர் அறுந்தாலும் மோட்டார் அதைத் தடையாகவே எடுத்துக்கொள்ளும். மூடிக்கொண்டிருக்கும் கதவு திறக்கும், திறந்திருப்பது மூடாது. பழுது வந்தால் ஆபத்தின்றி நிற்க வேண்டும் என்ற விதி இப்படி வயரிங்கிலேயே அமைந்தது. சுவர்ப் பொத்தானும் குழந்தைக்கு எட்டாதபடி 1.5 மீட்டர் உயரத்துக்கு, கதவு கண்ணில் படும் இடத்துக்குப் போனது.

மோட்டாருக்கு வரும் மின்சாரத்தின் பாதுகாப்பு தனியாக வளர்ந்தது. சில மில்லியாம்ப் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவு தடுப்பானை, காரேஜ் பிளக் பாயிண்டுகளுக்கு 1978-இல் தேசிய மின்விதித் தொகுப்பு கோரியது. கைக்கெட்டாத கூரைப் பாயிண்டுக்கு இருந்த விலக்கு 2008 பதிப்பில் நீங்கியது.

மின்தடை கடைசியாகக் கவனத்துக்கு வந்தது. கரண்ட் போனால் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவித்துக் கையால் தூக்கலாம். முதியோருக்கு அது கடினம். 2017-இல் வடக்குக் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரமின்றிக் கதவைத் திறக்க முடியாமல் சிலர் சிக்கிக்கொண்டனர். அதனால் 2019 ஜூலை 1 முதல் அம்மாநிலத்தில் வீடுகளுக்கு விற்கும் புதிய மோட்டார்களில் மாற்று பேட்டரி கட்டாயமானது.