ஆறு கார்களும் அறுசுவைக் கணக்கும்

2005ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடைபெற்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தைக் கோவை மக்கள் எளிதில் மறத்தல் இயலாது. நம் ஊர் வளர்த்த நரேன் கார்த்திகேயன் அன்று நான்காம் இடம் பெற்று ஐந்து புள்ளிகளை ஈட்டினார். அப்பந்தயங்களில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆயினும், இச்செய்தியை நண்பர் குழாத்தில் எடுத்துரைக்கும்போதெல்லாம், “ஓடியவை ஆறு கார்கள்தாமே?” என்று எவரேனும் ஒருவர் நகைப்பது வழக்கம். அந்நகைப்பு பொய்யன்று. களத்திற்கு வந்தவை இருபது கார்கள். மிஷ்லின் டயர் பூட்டிய பதினான்கும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிவிட்டன. சரிவாக அமைந்த கடைசி வளைவில் அந்த டயர்கள் தாங்கா என்று அந்நிறுவனமே எச்சரித்திருந்தது. பந்தயத்தின் இடையில் டயர் மாற்றலாகாது என்பது அவ்வாண்டின் விதி. ஆகவே பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபெராரி, ஜோர்டான், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டுமே 73 சுற்றுப் பந்தயத்தில் இறங்கின. காண வந்தோர் கூச்சலிட்டனர்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஆறு கார்களுள் மேடையேறும் மூவர், வரிசையைக் கருதாவிடின், எத்தனை வகையாக அமையலாம்? 6, 5, 4 ஆகியவற்றின் பெருக்கத்தை 1, 2, 3 ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் விடை 20. இருபது கார்களும் ஓடியிருப்பின் அது 1,140.

பள்ளிப் பிள்ளைகள் இன்று பெயரறியாமல் கையாளும் இவ்விதியை, எல்லா எண்களுக்கும் பொருந்தும் பொதுவிதியாக முதலில் எழுதிவைத்தவர் என்று வரலாற்றாசிரியர் பலரும் கருதுவது சமண அறிஞர் மகாவீராச்சாரியாரை. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ‘கணித சார சங்கிரகம்’ இயற்றியவர் அவர். சென்னை மாகாணக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அந்நூல் 1912இல் சென்னையில் அச்சேறியது. விதிக்கு ஆசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு நம் அடுக்களைக்கு உரியது: துவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு ஆகிய ஆறு சுவைகளைக் கலக்கும் வகைகள் எத்தனை? மும்மூன்றாகக் கலந்தால் அங்கும் இருபதே. ஒன்று முதல் ஆறுவரை எல்லாம் கூட்டினால் 63.

ஆனால் சுவைகளைப்போல் கார்கள் ஒருநிகரானவை அல்லவே! ஷூமாக்கரும் பாரிக்கெல்லோவும் ஓட்டிய ஃபெராரிகள் முன்னே பறந்துவிட, எஞ்சிய ஓரிடத்திற்கு நால்வர் போட்டியிட்டனர். அதனை நரேனின் அணித்தோழர் தியாகோ மொன்டெய்ரோ பெற்றார். நம்மவர் ஓரிடத்தில் மேடையை இழந்தார். ஃபார்முலா ஒன்னில் அவர் பெற்ற புள்ளிகள் அவ்வைந்தே. பிறர் ஒதுங்கியது அவர் குற்றமா? தக்க டயரைத் தேர்தலும் பந்தயத்தின் ஒரு கூறே; மினார்டிகள் இரண்டும் அவருக்குப் பின்னரே வந்தன. அப்புள்ளிகளை நாணமின்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்பதே என் துணிபு.

நகைக்கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு அந்நூலில் இன்னொரு கணக்கும் உண்டு. வைரம், நீலம், மரகதம், பவளம், முத்து ஆகியவற்றைக் கொண்டு ஒற்றைச்சர மாலையை எத்தனை வகையாகக் கோக்கலாம்? வரிசையை விடுத்து மணிகளின் சேர்க்கையை மட்டும் எண்ணுக, விடை 31.