கப்டன் பிளட், ஆயிரத்தில் ஒருவன்: வாள்சண்டைப் படத்துக்குப் பின்னால் ஒரு வைத்தியர்

(கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

பழைய வாள்சண்டைப் படங்கள் ஏன் இன்னும் சலிக்கவில்லை? எங்கள் மூத்தவாப்பாமார் தியேட்டரில் பார்த்தார்கள். வாப்பாமார் வீடியோ கசட்டில் பார்த்தார்கள். இப்போது பிள்ளைகள் யூடியூபில் பார்க்கிறார்கள். கதாநாயகன் கப்பல் கயிற்றில் தொங்கிப் பாய்ந்தால் மூன்று தலைமுறையும் ஒரே மாதிரி வாயைப் பிளக்கிறது.

வாள்வீச்சு மட்டும்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நல்ல வாள்சண்டைப் படத்தில் வாள் உருவப்படும் முன்னர் ஓர் அநியாயம் நடந்திருக்கும். அதுவும் கள்வன் செய்த அநியாயமல்ல, சட்டமே செய்த அநியாயம்.

கண்டிப் பக்கம் பிறந்த எம்.ஜி.ஆர். நடித்த "ஆயிரத்தில் ஒருவன்" (1965) எங்கள் ஊர்களில் பலருக்கு மனப்பாடம். மணிமாறன் ஒரு வைத்தியன். காயப்பட்ட புரட்சிக்காரனுக்கு மருந்து கட்டியதே அவன் செய்த குற்றம். அதற்காக நாடுகடத்தப்பட்டு, ஒரு தீவில் அடிமையாக விற்கப்படுகிறான். பி.ஆர். பந்துலு இயக்கிய இந்தப் படத்தின் கரு 1935இல் ஹொலிவூட்டில் வந்த "கப்டன் பிளட்" படத்திலிருந்து வந்தது. அதில் நாயகன் எரோல் ஃபிளின். அதுவரை யாரும் பெரிதாக அறியாத நடிகர், அந்த ஒரே படத்தில் நட்சத்திரமானார். அந்தப் படமும் ரஃபேல் சபாட்டினி 1922இல் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது.

நாவலுக்குப் பின்னால் உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1685இல் இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் அரசனானான். அவனுடைய அண்ணனின் மகன் மொன்மத் பிரபு, முடி தனக்கே உரியது என்று கிளர்ச்சி செய்தான். அவனோடு சேர்ந்தவர்களில் அதிகமானோர் நெசவாளர்கள், கமக்காரர்கள் போன்ற சாதாரண மக்கள். ஜூலை மாதம் செஜ்மூர் என்ற இடத்தில் தோற்றுப்போனார்கள். பிறகு நீதிபதி ஜெஃப்ரீஸ் ஊர் ஊராகப் போய் விசாரணை நடத்தினான். 300 பேரளவில் தூக்கிலிடப்பட்டார்கள். சுமார் 800 பேர் கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் 10 வருடம் உழைக்க அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொரு கைதியும் 10 பவுண், 15 பவுண் பெறுமதி என்று அந்த நீதிபதியே அரசனுக்குக் கணக்குச் சொன்னான். நீதிமன்றம் சந்தையானது இப்படித்தான்.

அந்த 800 பேரில் ஒருவர் ஹென்றி பிட்மன், ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், இரு தரப்பிலும் காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். அவ்வளவுதான். பார்படோஸ் தீவில் விற்கப்பட்டார். எஜமான் அவரைப் பிரம்பால் அடித்தான். கூடவே அனுப்பப்பட்ட சகோதரர் அங்கேயே மௌத்தானார்.

படத்தில் ஸ்பானியர்கள் ஊரைத் தாக்குகிறார்கள். அந்தக் குழப்பத்தில் நாயகன் அவர்களின் கப்பலையே பிடித்துக்கொண்டு போகிறான். பிட்மனின் கையில் வாளும் இல்லை, கப்பலும் இல்லை. கடனில் கிடந்த ஒரு மரச்செதுக்குத் தொழிலாளி மூலம் இரகசியமாகச் சின்னப் படகொன்று வாங்கினார். 1687 மே மாதம், அயல்தீவின் ஆளுநர் வந்து ஊரெல்லாம் விருந்தில் இருந்த இரவில், ஏழு பேருடன் கடலில் இறங்கினார். படகு ஒழுகியது. அள்ளி அள்ளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வெனிசுவேலாவுக்கு அப்பால் ஓர் ஆளில்லாத் தீவில் கரைதட்டினார்கள். மூன்று மாதமளவில் அங்கே ஆமையிறைச்சி தின்று உயிர்பிழைத்தார். கடைசியில் ஊர் திரும்பி, 1689இல் தன் கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். சபாட்டினி நாவலுக்குக் கரு எடுத்தது அந்த நூலில்தான்.

ஆனால் அந்த நூலில் ஒரு சம்பவம் உண்டு. அது எந்தப் படத்திலும் வரவில்லை. அந்தத் தீவுக்கு வந்த கடற்கொள்ளையரிடம் ஒரு செவ்விந்தியர் கைதியாக இருந்தார். மீன் பிடித்துத் தருவதற்கு உதவுவார் என்று, பிட்மன் 30 வெள்ளிக்காசு கொடுத்து அவரை விலைக்கு வாங்கினார். தானே விற்கப்பட்டு, தானே அடிபட்டு, தப்பி வந்தவர்தான் வாங்கினார்!

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்து நெடுநேரம் யோசித்தேன். பார்படோஸில் அப்போதே ஆபிரிக்க அடிமைகள்தான் பெரும்பான்மை. பிட்மனுக்கு விதித்தது 10 வருடம். அவர்களுக்கு விதித்தது ஆயுள் முழுக்க, பிள்ளைகளின் ஆயுளும் சேர்த்து. "கப்டன் பிளட்" எப்படி முடிகிறது தெரியுமா? ஜேம்ஸின் ஆட்சி கவிழ்ந்து புது அரசன் வருகிறான், நாயகன் ஜமெய்க்காவின் ஆளுநர் ஆகிறான். நாங்கள் கைதட்டுகிறோம். ஆனால் அந்த ஜமெய்க்காவில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆபிரிக்கருக்கு அன்று எதுவும் மாறவில்லை.

அப்படியானால் இந்தப் படங்களைப் பார்க்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. மருந்து கட்டியவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் சட்டமேயல்ல என்பதைச் சின்னப்பிள்ளைக்கும் விளங்கவைக்க, பத்துப் பாடத்தைவிட ஒரு படம் போதும். தமிழில் அந்தக் கதை வந்தபோது, மணிமாறன் தன்னுடைய விடுதலையை மட்டும் கேட்கவில்லை, தன்னோடு இருந்த அடிமைகள் எல்லோருடைய விடுதலையையும் கேட்கிறான். 2014இல் அந்தப் படம் டிஜிட்டலில் திரும்ப வந்தபோதும் தமிழ்நாட்டில் சனம் திரண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எனக்கு அநியாயம் நடந்தால் கொதிப்பது இலகு. அதே அநியாயம் பக்கத்தில் இருப்பவனுக்கு நடக்கும்போது, அதுவும் அதனால் எனக்கு ஓர் இலாபம் இருக்கும்போது, என்ன செய்கிறேன் என்பதுதான் சோதனை. பிட்மன் அதில் தவறினார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நல்ல மனிதரும் தவறக்கூடிய இடம் அது என்பதற்காகவே எழுதினேன்.

அடுத்த முறை பிள்ளைகளோடு இப்படியொரு படம் பார்த்தால், சண்டை முடிந்த பிறகு ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் இன்னும் விடுதலையாகாதவர் யார்?"

அவர்கள் சொல்லும் பதிலைக் கீழே எழுதுங்கள். வாசிக்க ஆவலாக இருக்கிறேன்.