யாழும் இசைக்கவையும்



யாழைப் பாடிய புலவர்கள் நமக்குப் பலர். அதன் ஒலியைக் கேட்டவர் இன்று ஒருவரும் இல்லை. பத்துப்பாட்டிலும் சிலம்பிலும் உறுப்பும் நரம்பும் பண்ணும் பேசப்படுகின்றன, ஒலி போய்விட்டது. அதை ஏட்டிலிருந்து மீட்க முனைந்தவர் விபுலாநந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரான அவர் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். துறவு பூணுமுன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர்.

மறைந்த சுரத்தை அளப்பது எப்படி? பௌதிக கூடத்து இசைக்கவையை நினைத்துப் பாருங்கள். இருபிரிவாய் வளைந்த உருக்குத் துண்டு. தட்டினால் ஒரே சுரம். இங்கிலாந்து அரசவை எக்காளக்காரர் ஜோன் ஷோர் இதை 1711 இல் செய்தார் என்பர். அன்று அது சுருதி சேர்க்கும் துணை மாத்திரமே. ஜேர்மனியப் பட்டு வணிகர் ஷைப்லர் 1834 இல், 220 முதல் 440 வரை நான்கு நான்காய் மீடிறன் ஏறும் 56 கவைகளை வரிசைப்படுத்தினார். (வணிகருக்கு இந்த வேலை எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்கள்!) அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்துத் தட்டினால் ஒலி விம்மித் தணியும்; அந்த அடிப்புகளை எண்ணியே மீடிறனைக் கண்டார். அச்சுவேலிக் கோயில் வீதியில் நாதஸ்வரக்காரர் ஒத்தோடு சுருதி சேர்க்கையில், அந்த விம்மல் அடங்கும்வரை பொறுத்திருப்பதும் இதே காரியந்தான்.

இப்போது சிலம்புக்கு வருவோம். குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. ஆக 22 அலகு. குரலுக்குப் பின் இளிவரை 13 அலகு. குரலை 256 எனக் கொண்டால், 3:2 என்ற விகிதப்படி இளி 384. ஆனால் 22 அலகையும் சமமாய்ப் பங்கிட்டால் இளி ஏறக்குறைய 385.6 ஆகிறது. 384 கவையை அருகில் தட்டினால் இரண்டு விநாடிக்கு மூன்று அடிப்பு, காது முகஞ்சுளிக்கும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் 22 ஐ மறுத்து 24 என்றார். சமமாய்ப் பிரித்த 24 இல் இளி 383.6, பிசகு மிகச் சிறிது. எனினும் அலகுகள் ஒரே அளவின என்று கொண்டால்தான் 22 பிழையாகும். அப்படிக் கொள்ளவேண்டிய கட்டாயம் என்ன? இவ்விடத்தில் பண்டிதர் அவசரப்பட்டார் என்பதே என் எண்ணம். அடிகள் 22 ஐக் கைவிடவில்லை. அரங்கேற்று காதையின் 25 அடிகளுக்கு விரிவுரையாக 'யாழ் நூலை' வளர்த்தெடுத்தார்.

ஆனால் கவை தருவது சுரத்தின் உயரத்தை மட்டுமே. தோல் போர்த்த பத்தர், நரம்பின் தன்மை, மீட்டும் விரல் இவற்றால் வரும் நாதத்தை எந்த எண்ணும் தராது; கருவியைச் செய்துதான் கேட்கவேண்டும். அதையும் அடிகள் உணர்ந்திருந்தார். 1947 யூன் 5, 6 ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது, அவருடைய ஆராய்ச்சியின்படி ஆக்கிய யாழ்களும் ஊர்வலமாய் வந்தன. ஒன்றரை மாதத்துள், யூலை 19 இல், அடிகள் மறைந்தார்.